மயிலுக்குப் பூச்சி வளர்த்த கதை

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி நிர்மலாதேவி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ‘ரத்தம் எடுக்கிற மேடம் வீடு’ என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர் ஆத்திக்கொண்டிருக்கும் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து வழி காட்டுவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடமாக லேப் டெக்னீஷியன். சுற்றுவட்டாரத்தில் அவள் ஊசி குத்தாத விரல் கிடையாது. பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் சின்னப் பிள்ளைகள் உட்காராது, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றபடியே வரும்.

வேலை என்னவென்றால், காய்ச்சல் என்று வருகிறவர்களின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது துண்டு. எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று எழுத வேண்டும், எழுத வேண்டும் என்றுதான் ஆசையும். அவள் கடைசியாகக் கிருமியைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது, வடக்கே லோடு ஏற்றிப் போய் வந்த ஒரு லாரி டிரைவரின் ரத்தத்தில். கண்ணாடியில் ஒரு துளி தூசி ஒட்டினாலும் அது கிருமி மாதிரிக் கண்ணை ஏமாற்றும் என்பதால் துடைப்பதும் கழுவுவதும் அவளுக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் மாதவராஜ் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கம்பத்தில் ஏறி இறங்கி வந்தால் வாசல் குழாயிலேயே கை கால் கழுவி, துண்டில் துடைத்து, தன்னையே ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டுதான் உள்ளே வருவார். பயம்தான், வேறென்ன.

இப்படிப்பட்டவள் வீட்டு ஹாலில் நாலடி நீளத்துக்குக் கடல் இருக்கிறது.

அது வந்தது ஒரு கடைவாய்ப் பல்லால். மூன்று வருடத்துக்கு முன்னால் பல்லைப் பிடுங்கச் சேலம் போனாள். டாக்டர் மாடியில், கீழே சவுரியப்பன் என்பவரின் கலர்மீன் கடை. பாதி வாய் மரத்துப் போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு படியிறங்கியவள் அங்கே கடல்மீன் தொட்டிக்கு முன்னால் நின்றாள். தங்கமீனும் கப்பியும் பார்த்த கண்ணுக்கு அது வேறு உலகமாக இருந்தது. பூ மாதிரி இருப்பது மிருகமாம், கல் மாதிரி இருப்பதற்கு உயிராம். கேள்வி ஆயிரம் வந்தது, கேட்க வாய் இல்லை. விரலால் காட்டிக் காட்டியே ஒரு மணி நேரம் போயிற்று. சவுரியப்பனும் ஊமைக்குச் சொல்வதுபோல் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாராம், அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டு.

நாலு மாதத்தில் தொட்டி வந்துவிட்டது. நம்ம ஊர் போர் தண்ணீர் மனிதன் பல்லையே காவியாக்குகிறது, மீனை மட்டும் விடுமா? அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் சவுரியப்பன் கடையில் விற்கிற கடல்மீன் உப்பைக் கலந்து கடல் செய்தாள். தெருவே வந்து பார்த்தது. கோயில் தீர்த்தம் வாங்குவதுபோல் உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்து, ராமேஸ்வரத்துத் தண்ணீரேதான் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தொட்டிக்கு அவள் வாங்கிய மீன்களில் ஒன்று மாண்டரின். கட்டை விரல் நீளம். நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாக உடம்பெல்லாம் கோலம். நீந்தாது, கல்லோடு கல்லாகத் தத்தித் தத்திப் போகும். மாதவராஜ் அதற்கு மயிலு என்று பெயர் வைத்தார். எந்தத் தீனி போட்டாலும் மற்ற மீன்கள் முண்டியடித்துத் தின்னும், மயிலு திரும்பியே பார்க்காது. கூச்ச சுபாவம் போலிருக்கிறது, யாரும் இல்லாதபோது தின்னும் என்று நிர்மலா நினைத்தாள். நாற்பதாவது நாள் அது கல்லிடுக்கில் சாய்ந்து கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் வயிற்றில் ஒன்றுமே இல்லை, தோல்தான்.

சவுரியப்பனிடம் போன் போட்டுக் கேட்டபோது அவர் சங்கடப்பட்டார். அந்த மீன் தூள் தீனி தின்னாது மேடம், கல்லிலும் கண்ணாடியிலும் ஊர்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியைத்தான் நாள் முழுக்கக் கொத்தும், ஆயிரக்கணக்கில் வேண்டும், விற்ற பையன் சொல்லாமல் விட்டுவிட்டான் என்றார். ஒரு உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினமும் அழகு பார்த்துக்கொண்டே, பட்டினி போட்டுச் சாகடித்திருக்கிறோம். நிர்மலாவுக்குச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்தது. இனி மாண்டரின் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்து என்ன பயன்? போன ஐப்பசியில் உப்பு வாங்கக் கடைக்குப் போனபோது மூலைத் தொட்டியில் இன்னொரு மயிலு. இதுவும் வயிறு ஒட்டிப்போய்த்தான் இருந்தது. இரண்டு வாரமாக யாரும் வாங்கவில்லையாம். எடுக்காதீங்க மேடம், அது போயிடும் என்று சவுரியப்பன் நல்ல மனதோடுதான் சொன்னார்.

“போகாது. குடுங்க,” என்றாள் நிர்மலா.

வாயில் வந்துவிட்டது, இனிக் காப்பாற்றியாக வேண்டும். மீனோடு சேர்த்து அவரிடம் இருந்த ஒரே ஒரு பூச்சிப் பாட்டிலையும் வாங்கினாள். பாட்டில்மேல் கோபிபாட் என்று போட்டிருந்தது. தூக்கிப் பார்த்தால் மங்கலான தண்ணீர், அதில் அரிசி நொய்யில் பத்தில் ஒரு பங்கு அளவில் வெள்ளை வெள்ளையாக என்னவோ துடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, மகள் ஐஸ்வர்யா பள்ளியில் படித்தபோது வாங்கிய பழைய மைக்ராஸ்கோப்பைத் தூசி தட்டினாள். ஒரு சொட்டு வைத்து, கண்ணை வைத்தாள்.

அன்றைக்கு மாதவராஜ் ஓட்டலில்தான் சாப்பிட்டார்.

அப்படி என்ன பார்த்தாள்? ஒற்றைக் கண். நெற்றி நடுவில் செக்கச் சிவந்து ஒரே ஒரு கண். முன்னால் இரண்டு மீசை, பின்னால் இரண்டு வால். உடம்பு கண்ணாடி, உள்ளே குடல் ஓடுவதும் அதில் பச்சையாகத் தின்றது நகர்வதும் தெரிந்தது. நாலு எட்டு வைக்கும், நிற்கும், சட்டென்று எகிறிக் காணாமல் போகும். அதன் குஞ்சுகளோ தாய்க்குச் சம்பந்தமே இல்லாமல் உண்ணி மாதிரி உருண்டையாக இருந்தன. இருபத்தாறு வருடமாகச் சின்னதைத் தேடி, இல்லை என்றதும் நிம்மதிப்பட்டவள், இப்போது ஒவ்வொன்றாக எண்ணி இருக்கிறது இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். லேபில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் ஜில்லாவுக்கே போன் போயிருக்கும்.

அதற்கப்புறம் அவள் படித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அவள் குணத்துக்கு நேர் எதிராக இருந்தது. இந்தப் பூச்சிக்குச் சுத்தம் ஆகாது. கண்ணாடியில் படிகிற பாசிப் படலம்தான் அதன் சோறு, கல்லுக்கடியில் தங்குகிற கசடுதான் அதன் வீடு, தண்ணீர் வடிகட்டுகிற ஸ்பாஞ்சின் ஓட்டைகள்தான் அதன் பிரசவ அறை. மீன் வாய் நுழையாத இடுக்கு வேண்டும். துடைக்காமல், அலசாமல், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் அவளுக்கு வராது. ஆனாலும் இருந்தாள். தொட்டியின் ஒரு மூலையில் சில்லுக் கற்களை மீன் நுழையாதபடி குவித்து வைத்தாள். கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து அலமாரியில் பூட்டினாள். தொட்டி நாளுக்கு நாள் பச்சையும் பழுப்புமாக மங்கிக்கொண்டு வந்தது, அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் கை தானாக நீண்டு தானாக மடங்கும்.

விடியக் காலம் ஐந்தரை மணிக்கு, தொட்டி விளக்கு எரிவதற்கு முன்னால், டார்ச்சை அடித்து எண்ணுவாள். கண்ணாடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் குறித்திருந்தாள். அந்தக் கட்டத்துக்குள் எத்தனை வெள்ளைப் புள்ளி என்பது கணக்கு. திங்கட்கிழமை பன்னிரண்டு. புதன் இருபது. வியாழன் முப்பத்தொன்று. சனிக்கிழமை நாலு. சரி, கண் ஏமாற்றியிருக்கும் என்று விட்டால், அடுத்த வாரமும் அப்படியே. ஏறி ஏறிப் போய் சனிக்கிழமை தலைகீழாக விழுந்தது. உப்பை அளந்தாள், சரியாக இருந்தது. மயிலு ஒரே நாளில் அவ்வளவையும் தின்றிருக்குமா என்றால் அதன் வயிறு அப்படிச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மின்தடை ஏதாவதா என்று மாதவராஜைக் குறுக்கு விசாரணை செய்தாள். அவர் தன் துறைமேல் பழி விழுகிறதே என்று ரோஷப்பட்டு, ஒரு மாதத்து மின்தடைப் பட்டியலையே கொண்டு வந்து காட்டினார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நிர்மலாவுக்குச் சளிக் காய்ச்சல், லீவு போட்டுப் படுத்திருந்தாள். ஹாலில் என்னவோ தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து வந்தால், மாதம்மாள் தொட்டியின் ஸ்பாஞ்சை உருவிக் குழாயடிக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

மாதம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவ வருகிறவள். கம்பைநல்லூர் ரோட்டில் உள்ளே தள்ளி அவள் ஊர். ஒன்றரை ஏக்கர் காடு, கேழ்வரகும் கடலையும் போடுகிறாள். பதினொரு வருடமாக வருகிறாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டில் ஒரு மூலை அழுக்காக இருந்தாலும் அவளுக்கு மனசு ஆறாது. நிர்மலா வேலைக்குப் போனபிறகு தொட்டியையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு, கைக்கு எட்டிய பின்பக்கக் கண்ணாடியை ஈரத்துணியால் வழித்து, ஸ்பாஞ்சைக் குழாயில் பிழிந்து நாலு தண்ணீர் அலசி வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காமல் செய்த உபகாரம். உப்பில்லாத தண்ணீர் பட்டால் கடல் பூச்சி ஒரு நிமிடம் தாங்காது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

நிர்மலாவும் சொல்லவில்லை. இனிமேல் வெள்ளிக்கிழமையில் தொட்டியைத் தொடாதே என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்ல மூக்கடைப்பு விடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சரிங்கக்கா என்று மாதம்மாள் கேட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு கணக்கு ஏறியது. கார்த்திகை முடிகிறபோது அந்தத் தீப்பெட்டிக் கட்டத்தில் எண்பது, தொண்ணூறு. மார்கழியில் எண்ண முடியவில்லை. ஸ்பாஞ்சைத் தட்டினால் வெள்ளைப் புழுதி பறந்தது. மயிலு விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை கொத்திக்கொண்டே திரிந்தது. அதன் வயிறு நேராகி, லேசாக உருளவும் ஆரம்பித்தது. நிர்மலா லேபில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள் என்று மருந்தாளுநர் ஆச்சரியப்பட்டார்.

தை பிறக்கப் போகிற நேரம். எங்கள் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுவோம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து முடிந்து வாசலில் செருகுவது. அது கட்டுவதற்குள் வீட்டில் ஒரு சாமான் பாக்கியில்லாமல் கழுவி முடித்தாக வேண்டும், பரணில் இருக்கும் அண்டா வரைக்கும். அன்றைக்குப் புதன்கிழமை, காப்புக்காக மாதம்மாளும் வீடு கழுவ வந்திருந்தாள். நிர்மலா வேலைக்குப் போய்விட்டு மதியம் வந்தாள். வீடு பளபளவென்று இருந்தது. தொட்டியும்தான். நாலடிக் கண்ணாடியில் ஒரு திட்டுப் பாசி இல்லை. ஸ்பாஞ்ச் வாங்கிய அன்றைக்கு இருந்த நிறத்துக்கு வந்திருந்தது. மூலையில் குவித்த சில்லுக் கற்கள் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவப்பட்டு, வெயிலில் உலர்த்தப்பட்டு, வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. தூக்க முடியாத பெரிய பாறைகள் இரண்டு மட்டும் தப்பியிருந்தன.

நிர்மலாவுக்கு என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லை. தொடாதே என்று சொன்னேனா இல்லையா என்று கத்தினாள். மாதம்மாள் உண்மையாகவே திகைத்துப் போனாள்.

“வெள்ளிக்கெழம தொடக்கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. இது காப்புக்குக் கழுவுறதுங்களே,” என்றாள்.

“உனக்கு எத்தன சொன்னாலும் மண்டையில ஏறாதா? ஒரு உசுர கொன்னுட்ட நீ.”

மாதம்மாள் கையிலிருந்த வாளியைக் கவிழ்த்து வைத்தாள், சேலையை உதறிச் செருகினாள், போய்விட்டாள். காப்பு அன்றைக்கு மாதவராஜ்தான் கட்டினார்.

பொங்கலுக்கு வைத்த சர்க்கரைப் பொங்கல் நிர்மலாவுக்கு இறங்கவில்லை. முதலில் மாதம்மாள்மேல் கோபம். இரண்டாம் நாள் கோபம் இடம் மாறியது. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றால், வெள்ளிக்கிழமைக்கு ஏதோ சாங்கியம் இருக்கும்போல என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? ஏன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லேபில் சீட்டை நீட்டி, டாக்டர்கிட்ட காட்டுங்க என்று சொல்லியே பழகின வாய். எதிரில் நிற்பவருக்கு ஏன், எதற்கு என்று சொல்லியே எத்தனை வருடம் ஆகிறது? வெட்கமாக இருந்தது. சவுரியப்பனுக்குப் போன் செய்தால், பூச்சிப் பாட்டில் பங்குனி வரை வராது, என் தொட்டியிலும் ஒன்றும் இல்லை, மீனைத் திருப்பிக் கொடுத்தாலும் இதே கதைதான் என்றார்.

மறு வெள்ளிக்கிழமை மாதம்மாள் வர மாட்டாள் என்றுதான் நிர்மலா நினைத்தாள். ஆனால் எட்டு மணி பஸ்ஸுக்கு இறங்கி வந்துவிட்டாள். முகத்தைப் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்தாள். நிர்மலா அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

“மாதம்மா, நான் பேசுனது தப்பு. மனசுல வெச்சுக்காத,” என்றாள். பிறகு, “வா, உனக்கு ஒண்ணு காட்டணும்.”

இரண்டு நாளாக அவள் சிரிஞ்சை வைத்துப் பெரிய பாறைகளின் பொந்துகளில் உறிஞ்சி உறிஞ்சித் தேடியதில் கொஞ்சம் பூச்சி கிடைத்திருந்தது. அதில் ஒரு சொட்டை வைத்து மாதம்மாளை உட்காரச் சொன்னாள். மாதம்மாள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் முந்தானையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

“உசுரு ஓடுதுங்களே,” என்றாள் கடைசியில்.

அப்புறம் கேள்விமேல் கேள்வி. வாலுக்கிட்ட மூட்டை கட்டி வெச்சிருக்குதே அது என்ன? முட்டை. எத்தனை நாளில் பொரிக்கும்? இரண்டு மூன்று நாளில். பொரிச்சது வளர்ந்து முட்டை வைக்க? இரண்டு வாரம் ஆகும். ஒன்றை இன்னொன்று பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே திரிகிறதே? அது ஆண், பெண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு அலையும். மாதம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். இது என்ன தின்னும், எதுக்குச் சாகும், சூடு தாங்குமா என்று அவள் கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு நிர்மலாவிடமே பதில் இல்லை. தொட்டியில் கண்ணாடியோடு தான் வழித்தது என்ன என்பது மெல்ல அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றுவிட்டது.

இருக்கிற பூச்சியை ஜாடிகளில் பிரித்துப் பெருக்கப் போவதாக நிர்மலா சொன்னாள். வாயகன்ற கண்ணாடி ஜாடி, பாதிக்குமேல் உப்புத் தண்ணீர், அவ்வப்போது கொஞ்சம் பச்சைத் தண்ணீர். பச்சைத் தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத பாசி வளர்த்த நீர், அதை அவள் ஏற்கெனவே சமையல்கட்டு ஜன்னலில் வளர்த்துக்கொண்டிருந்தாள். நாலு ஜாடி தயாராக இருந்தது.

“ஒண்ணு என்கிட்ட குடுங்க. நான்தானே கழுவிப்போட்டேன், நானும் வளக்குறேன்,” என்றாள் மாதம்மாள்.

நிர்மலா ஒரு ஜாடியை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் இந்தமுறை எல்லாவற்றையும் காரணத்தோடு சொன்னாள். வெயில் நேராகப் படக்கூடாது, சூட்டில் செத்துப்போகும். தண்ணீர் வற்றினால் உப்பு கூடிவிடும், அதனால் இந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். மாதம்மாள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஜாடியில் அந்த அளவில் ஒட்டினாள். தண்ணீர் தெளிந்தால்தான் அடுத்த கரண்டி பச்சைத் தண்ணீர், தெளியாமல் ஊற்றினால் அழுகிவிடும். அஞ்சு வாரம் எடுக்கவோ கலக்கவோ கூடாது, குட்டி போட்டுக் குட்டி போட்டுப் பெருக அவ்வளவு நாள் வேண்டும். பச்சைத் தண்ணீர் ஒரு பாட்டிலும் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு கேனுமாக வாங்கிப் பையில் போட்டு, ஜாடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாதம்மாள் பஸ் ஏறினாள்.

சொன்னவள் கேட்டாளா என்றால் அதுதான் இல்லை. நிர்மலாவின் மூன்று ஜாடிகளும் லேபில் இருப்பதுபோல் லேபிள் ஒட்டி, தேதி எழுதி, வரிசையாக நின்றன. தினமும் திறந்து ஒரு சொட்டு எடுத்து எண்ணினாள். இரண்டாவது வாரமே மயிலுவின் வயிறு மறுபடி உள்வாங்கியது. முதுகெலும்பு வரப்பு மாதிரித் தூக்கித் தெரிந்தது. மூன்றாவது வாரம் பொறுக்கமாட்டாமல் முதல் ஜாடியை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். ஒரு பொழுதில் காலி. அடுத்த வாரம் இரண்டாவது. மூன்றாவதுக்கு, சீக்கிரம் பெருகட்டும் என்று பச்சைத் தண்ணீரை இரட்டிப்பாக ஊற்றினாள். மறுநாள் ஜாடி பால் மாதிரிக் கலங்கி நாறியது. கண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஆடவில்லை. நல்ல பசியில் அடுப்பையே பார்த்துக்கொண்டு, வேகாத சோற்றை இறக்கித் தின்ற கதையாகிவிட்டது.

மாதம்மாளின் ஜாடியைப் பற்றி அவள் நம்பிக்கை வைக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டாள்தான். இருக்குதுங்க என்று மட்டும் மாதம்மாள் சொல்வாள். அது மனசு நோகக்கூடாதென்று சொல்கிற இருக்குதுங்க என்று நிர்மலா எடுத்துக்கொண்டாள். ஆட்டுப்பட்டியும் அடுப்புப் புகையும் இருக்கிற வீட்டில் கடல் பூச்சி எங்கே பிழைக்கும்?

மாசி பாதி தாண்டிவிட்டது. மயிலு தத்துவதைக் குறைத்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்காரத் தொடங்கியது. தலை பெரிதாகவும் உடம்பு வாலாகவும் தெரிந்தது. முதல் மயிலு கடைசி வாரத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தது என்பது நிர்மலாவுக்கு ஞாபகம் இருந்தது. போகாது என்று சொல்லி வாங்கி வந்தோமே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வியாழக்கிழமை சவுரியப்பனிடம் பேசியபோது, இன்னும் ரெண்டு மூணு நாள் மேடம், மனசத் தேத்திக்குங்க என்றார். மாதவராஜ் கேலி பேசுவதையே விட்டுவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போக மனமில்லாமல் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நிர்மலா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாதம்மாள் வந்தாள். இடுப்பில் துண்டு சுற்றிய ஒரு தண்ணீர் பாட்டில். துண்டைப் பிரித்தாள்.

பாட்டில் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. நிர்மலா வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். சவுரியப்பன் கடைப் பாட்டிலில்கூட அவள் இவ்வளவு பார்த்ததில்லை. பெரியது, சின்னது, பொடி, பொடியிலும் பொடி. அரிசி மாவைத் தண்ணீரில் போட்டு, அந்த மாவுக்கு உயிர் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

“எப்படி மாதம்மா?” என்று கேட்டாள்.

“நீங்க சொன்ன மாதிரிதானுங்க. வேற ஒண்ணும் பண்ணல. அஞ்சு வாரம் தொடக்கூடாதுன்னீங்க, இன்னியோட அஞ்சு வாரம்.”

ஜாடியைச் சாமி அலமாரிக்குக் கீழே நிழலில் வைத்திருந்தாளாம். அடியில் கசடு சேர்ந்து கறுத்துப்போய், மருமகள் மூன்றுமுறை கழுவப் போனாளாம். அது அழுக்கில்லை, அதில்தான் அதுங்க குடியிருக்குது என்று ஏன் எதற்கென்று சொல்லித் தடுத்தாளாம்.

பம்பை அணைத்துவிட்டு, ஒரு டியூபின் நுனியைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்து, நிர்மலா பாட்டிலைச் சாய்த்தாள். வெள்ளைப் புகை மாதிரி இறங்கிக் கல்லெல்லாம் பரவியது. மயிலு அசையவில்லை. பிறகு அதன் கண் மட்டும் திரும்பியது. ஒன்று அதன் மூக்கு நுனியில் ஊர்ந்துபோனது. ஒரு கொத்து. ஓர் அடி தத்தி, இன்னொரு கொத்து. அப்புறம் அது நிமிரவே இல்லை. கல்லின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கொத்திக்கொண்டே போனது.

நிர்மலாவுக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. ஆனால் லேப்காரப் புத்தி எங்கே போகும், கண்ணைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். இது பத்து நாளைக்கு வரும். பதினோராவது நாள்? ஜாடி காலி, அங்கேயும் இங்கேயும் ஒன்றும் மிச்சமில்லை, மறுபடி முதலிலிருந்து. அதை வாய்விட்டே சொன்னாள்.

மாதம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள், இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்பதுபோல.

“பாதியத்தானுங்க கொண்டாந்தேன். மீதி வெதைக்கு நிறுத்தியிருக்கேன். முழுசையும் எடுத்துட்டா அடுத்த வெள்ளாமைக்கு என்ன பண்றது?”

இரண்டு ஜாடியை அடி தெரியக் கவிழ்த்து, மூன்றாவதை அழுகவிட்டவள் நிர்மலா. தன் காலி ஜாடிகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அந்த விதையில் தனக்கும் கொஞ்சம் தருவாளா என்று கேட்டாள். கேட்கும்போது குரல், லேபில் வரிசையில் நின்று சீட்டு கேட்கிறவர்களின் குரல் போல இருந்தது.

“வூட்டுக்கு வாங்க, தரேன்,” என்றாள் மாதம்மாள்.

பதினொரு வருடத்தில் நிர்மலா அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஊருக்குள் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்றுகூடத் தெரியாது. மாதம்மாளிடம் வழி கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை கம்பைநல்லூர் பஸ்ஸில், மடியில் காலி ஜாடியை வைத்துக்கொண்டு, போனாள்.